சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லை... ஆனால், சைக்கிளில் போனவருக்கு இழப்பீடு உண்டு!

உத்தனப்பள்ளி வட்டாரத்தில் விடியற்காலை 4 மணிக்கே வேலை தொடங்கிவிடும். ரோஜா, சாமந்தி பறிக்க ஆட்கள் தோட்டத்துக்குக் கிளம்புவார்கள். சங்கத்தில் பால் ஊற்றுகிறவர்கள் கேனை கேரியரில் கட்டிக்கொண்டு மிதிப்பார்கள். அதே நேரத்தில் அதே சாலையில் ஓசூர், சூளகிரி தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிய வேன்களும் பேருந்துகளும் பறக்கும். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றப் போகும் லாரிகளும் வரும். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக தருமபுரி பக்கம் போகும் இந்தச் சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை 844. சாலை அகலமாகிவிட்டது. சைக்கிள் மட்டும் பழைய சைக்கிள்தான்.

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி தேதி எது என்று கேட்டு என் அலுவலகத்துக்கு வராத விவசாயி இல்லை. வெள்ளாமை போனால் யாரிடம், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால், வெள்ளாமை செய்கிறவரே சாலையில் அடிபட்டால் எங்கே போவது என்பது தெரிவதில்லை. ‘சைக்கிளுக்கு லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. கேட்டால் என்ன கிடைக்கப்போகிறது?’ என்று விட்டுவிடுகிறார்கள். இந்த எண்ணம் தவறு. சைக்கிள்காரரைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது, அடிபட்டால் என்ன தருகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சைக்கிள் ‘மோட்டார் வாகனம்’ இல்லை

நம் நாட்டில் சாலைப் போக்குவரத்துக்கு அடிப்படை, 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். எது மோட்டார் வாகனம் என்று அதன் 2-வது பிரிவு சொல்கிறது. இயந்திர சக்தியால் ஓடுவதுதான் மோட்டார் வாகனம். காலால் மிதித்து ஓட்டும் சைக்கிள் அந்தக் கணக்கில் வராது. எனவே சைக்கிளுக்குப் பதிவு எண் வேண்டாம். ஓட்டுநர் உரிமம் வேண்டாம். காப்பீடு கட்டாயமில்லை. 129-வது பிரிவில் உள்ள ஹெல்மெட் கட்டாயமும் மோட்டார் சைக்கிளுக்குத்தான். இருந்தாலும் தலைக்கவசம் போட்டால் நல்லது. போடாததற்கு இந்தப் பிரிவில் அபராதம் கிடையாது.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு பழைய காலம் நினைவிருக்கும். சைக்கிளுக்கு வரி கட்டி, தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டும். இரவில் விளக்கு இல்லாமல் போனாலோ, டபுள்ஸ் போனாலோ காவலர் நிறுத்துவார். அந்தக் கெடுபிடிகள் போய்விட்டன. ஆனால், சைக்கிள்காரருக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. பொதுச் சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கண்மூடித்தனமாக ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு. அந்தப் பிரிவு ‘எந்த வாகனமும்’ என்றே சொல்கிறது. சைக்கிளும் அதில் அடக்கம்.

பெரிய வண்டிக்குப் பெரிய கடமை

1989-ல் வந்த சாலை விதிகளுக்குப் பதிலாக, 2017 ஜூன் மாதம் ‘மோட்டார் வாகன (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள்’ வந்தன. நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர், குழந்தைகள், முதியவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை ‘எளிதில் பாதிப்புக்குள்ளாகும் சாலைப் பயனாளிகள்’ என்று அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இவர்களின் பாதுகாப்புக்கு வண்டி ஓட்டுகிறவர் தனிக்கவனம் எடுக்க வேண்டும் என்பது விதி. சைக்கிள் பாதை போட்டிருந்தால் அதில் மோட்டார் வண்டியை ஓட்டக் கூடாது, நிறுத்தவும் கூடாது.

‘சைக்கிள்காரன்தான் ஒதுங்கணும்’ என்பது சாலையில் உள்ள பழக்கம். சட்டத்தில் அப்படி இல்லை. இடதுபுறமாகப் போகும் சைக்கிள்காரருக்குச் சாலையில் இடம் உண்டு. முந்துகிறவர்தான் இடம் பார்த்து முந்த வேண்டும்.

ஒரு குறை மட்டும் உண்டு. முந்தும்போது எத்தனை அடி விலக வேண்டும் என்று நம் மத்திய சட்டத்தில் அளவு இல்லை. ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் என்று அளவே போட்டுவிட்டார்கள். நெதர்லாந்தில் மோட்டார் வண்டி சைக்கிள்காரரை இடித்தால், வண்டிக்காரர்தான் பொறுப்பு என்று தொடங்குகிறது சட்டம். அடிபட்டவர் 14 வயதுக்குட்பட்டவர் என்றால் பெரும்பாலும் முழு இழப்பீடும் கிடைத்துவிடும்.

நம் நாட்டிலும் இதற்காக நீண்ட சட்டப் போராட்டம் நடக்கிறது. அதைத் தொடங்கியவர் நம் தமிழ்நாட்டுக்காரர். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்கக் கோரி 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2014-ல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது அந்த வழக்கில்தான். பாதசாரிகள், மோட்டார் இல்லாத வண்டிகள் குறித்து மாநில அரசுகள் விதி வகுக்கலாம் என்று 2019 சட்டத் திருத்தத்தில் 138(1ஏ) என்ற பிரிவு சேர்ந்தது. அந்த விதிகளை 6 மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்று 2025 அக்டோபர் 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதுவும் இதே வழக்கில்தான்.

இழப்பீடு எங்கிருந்து வருகிறது?

இதுதான் கட்டுரையின் முக்கியமான இடம். லாரி, பஸ், வேன், கார், பைக், டிராக்டர் எதுவானாலும் ‘மூன்றாம் நபர் காப்பீடு’ இல்லாமல் சாலைக்கு வரக் கூடாது என்கிறது 146-வது பிரிவு. அந்த வண்டியால் அடிபடும் வெளியாள்தான் மூன்றாம் நபர். சைக்கிளில் போனவர் அடிபட்டால், அவரே அந்த மூன்றாம் நபர். அவருடைய சைக்கிளுக்குக் காப்பீடு இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. இடித்த வண்டியின் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும். அந்த வண்டிக்குக் காப்பீடு இல்லையென்றால் உரிமையாளர் கொடுக்க வேண்டும்.

மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, 164-வது பிரிவு. யார் மேல் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய். எலும்பு முறிந்தாலே சட்டப்படி அது கொடுங்காயம்.

இரண்டாவது, 166-வது பிரிவு. வண்டிக்காரரின் அலட்சியத்தைக் காட்டி, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பது. இதில் வயது, வருமானம், குடும்பம் எல்லாவற்றையும் கணக்கிடுவார்கள். தொகை கூடுதலாக வர வாய்ப்புண்டு. ஒன்றைக் கவனியுங்கள். 164-ல் கொடுக்கும் தொகையை வாங்கிக்கொண்டால் 166-ல் போட்ட மனு செல்லாமல் போய்விடும். எனவே கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் கேளுங்கள்.

மூன்றாவது, இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி. எண் தெரியாவிட்டாலும் கைவிட வேண்டாம். 161-வது பிரிவின்கீழ் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. 2022 ஏப்ரல் 1-க்கு முன்பு இது 25,000, 12,500 என்றுதான் இருந்தது. இதற்கான விண்ணப்பத்தைக் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் அளிப்பார்.

ஒரு கணக்கு

சர்லா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொன்ன முறையில்தான் தீர்ப்பாயங்கள் கணக்கிடுகின்றன. ஓர் எடுத்துக்காட்டு. 42 வயது பூ விவசாயி. மாத வருமானம் 12,000 ரூபாய். அவரை நம்பி மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அவர் இறந்துவிட்டால்:

40 முதல் 50 வயது வரையுள்ள சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால வருமானமாக 25% கூட்டுவார்கள். 12,000 இப்போது 15,000 ஆகும். அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 10,000. ஆண்டுக்கு 1,20,000. 41-45 வயதுக்கான பெருக்கும் எண் 14. பெருக்கினால் 16,80,000 ரூபாய். ஈமச்செலவு, துணையை இழந்ததற்கான தொகை போன்றவை தனி.

இந்தக் கணக்கு முழுவதும் ‘மாத வருமானம் 12,000’ என்ற ஒற்றை வரியில் நிற்கிறது. சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. விவசாயிக்கு? பால் சங்கக் கணக்கு அட்டை, மண்டி பில், உழவர் சந்தை அடையாள அட்டை, சிட்டா, அடங்கல், வங்கி பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை. இவைதான் விவசாயியின் சம்பளச் சீட்டு. மண்டி பில்லைக் கசக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு வைக்கச் சொல்லி நான் வற்புறுத்துவது பயிர்க் கடனுக்காக மட்டும் இல்லை.

‘பேசி முடித்த’ கதை

சில ஆண்டுகளுக்கு முன் மானிய விண்ணப்பம் தொடர்பாக ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். நிலம் கணவர் பேரில் இருந்தது. அவர் ஏன் வரவில்லை என்று கேட்டேன். கொத்தமல்லிக் கட்டை சைக்கிளில் வைத்துப் போனபோது ஒரு வேன் இடித்து, இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, எட்டு மாதமாகப் படுக்கையில் இருப்பதாகச் சொன்னார். வேன்காரர் அன்றைக்கே 5,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடித்தாயிற்று. போலீஸுக்குப் போகவில்லை. வண்டி எண் குறித்து வைக்கவில்லை. ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சிகிச்சைக்கு ஒரு கறவை மாடும், தோடும் போயிருந்தன.

எலும்பு முறிவுக்கு 164-வது பிரிவில் என்ன தொகை என்று மேலே பார்த்தோம். 5,000 ரூபாய்க்குக் கைவிட்டது அதைத்தான். ‘வழுக்கி விழுந்தார்’ என்ற ஒரு வரி வழக்கின் வேரையே அறுத்துவிடும். மருத்துவமனையில் உண்மையை மட்டும் சொல்லுங்கள்.

அடிபட்டால் செய்ய வேண்டியவை

* 108-க்கு அழையுங்கள். ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசுத் திட்டம் இது. எந்த மாநிலத்தவர் அடிபட்டாலும் பொருந்தும்.
* உதவி செய்கிறவர் பயப்பட வேண்டாம். 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது.
* வண்டி எண்ணைப் படம் எடுங்கள். சைக்கிள் கிடந்த இடம், டயர் தடம், சாலையோரக் கடையில் கேமரா இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சைக்கிளை உடனே ரிப்பேர் செய்யாதீர்கள். அதுவும் சாட்சி.
* மருத்துவமனையில் ‘விபத்துப் பதிவேடு’ நகலைக் கேட்டு வாங்குங்கள். ஏ.ஆர். காப்பி என்றால் தெரியும்.
* காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். புகார்தாரருக்கு அது இலவசம். காவல்துறை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு முதல் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவத்தை 10 நாளுக்குள் உங்களுக்குத் தர வேண்டும். தராவிட்டால் கேளுங்கள்.
* 166-வது பிரிவு மனுவுக்கு விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம் கெடு. 2022 ஏப்ரல் 1 முதல் இந்தக் கெடு அமலில் உள்ளது. இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருப்பதால், கெடு தாண்டியவர்களும் தாங்களாகவே முடிவு கட்டிவிடாமல் வக்கீலைப் பார்க்கவும்.
* வக்கீலுக்குப் பணமில்லையா? நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்களுக்கு வக்கீல் இலவசம்.

இவை தவிர, வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் செய்யும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். சைக்கிள் விபத்துக்கும் உண்டு. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை உள்ளவர்கள் விபத்து நிவாரணத்தை வட்டாட்சியர் அலுவலகத்தில் தனியாகக் கேட்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

நாடு முழுவதும் மாலை 6 முதல் 9 மணிக்குள்தான் விபத்துகள் அதிகம் பதிவாகின்றன. தோட்ட வேலை முடிந்து திரும்பும் நேரம் அது. சைக்கிள் தயாரிப்பவர்கள் ஒளி பிரதிபலிக்கும் வில்லைகளைப் பொருத்தியே விற்க வேண்டும் என்று 2020-ல் மத்திய அரசு ஆணை போட்டது. ஆனால், நாம் கேரியரில் கட்டும் புல்லுக்கட்டும் கீரைக்கட்டும் பின்பக்கச் சிவப்பு வில்லையை முழுதாக மறைத்துவிடுகின்றன. பால் கேனின் பின்பக்கம் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கட்டின் மேல் ஒரு பட்டையைச் சுற்றுங்கள். கட்டு ஹேண்டில்பாரைவிட அகலமாக இருக்க வேண்டாம்.

நடுவில் தடுப்புச்சுவர் உள்ள சாலையில், திரும்பும் இடம் தூரம் என்று எதிர்த்திசையில் மிதிக்காதீர்கள். விபத்தானால் ‘உங்கள் பங்குக்கும் தவறு’ என்று 166-வது பிரிவு இழப்பீட்டில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள். விளக்கோ ரிஃப்ளெக்டரோ இல்லாமல் இருட்டில் போனாலும் அதே வாதம் வரும். கொஞ்ச தூரம்தான் என்றால் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவது மேல்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருட்டில் சாலையோரம் நிறுத்திய டிரெய்லரில் சைக்கிள்காரர் மோதினால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். டிரெய்லருக்குப் பின்னால் சிவப்புப் பட்டை ஒட்டுங்கள். காப்பீட்டைப் புதுப்பியுங்கள். 18 வயதாகாத பையனிடம் சாவி கொடுக்காதீர்கள். 199ஏ பிரிவில் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

கடக்கும் இடம், விளக்கு, சர்வீஸ் ரோடு வேண்டுமென்றால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். தேசிய நெடுஞ்சாலைக் குறைகளுக்கு 1033 என்ற எண்ணிலும் சொல்லலாம். சாலை அமைப்பில் தரக்குறைவு இருந்து விபத்து நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 198ஏ பிரிவு இடம் தருகிறது.

வாசகர் கேள்விகள்

சைக்கிளில் பேட்டரி மோட்டார் மாட்டியிருக்கிறேன். லைசென்ஸ் வேண்டுமா?

மோட்டார் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, மத்திய மோட்டார் வாகன விதிகளின் மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. அதற்கு மேல் போனால் பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் வேண்டும். கடையில் சொல்வதை நம்பாமல் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகாவில் அடிபட்டால் பெங்களூருக்கு அலைய வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே வழக்கு நடத்தலாம். இடித்தது எந்த மாநிலப் பதிவு வண்டியானாலும் பிரச்னையில்லை. புகாரையும் எந்தக் காவல் நிலையத்தில் கொடுத்தாலும் வாங்கியாக வேண்டும். அவர்கள் உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள்.

நெடுஞ்சாலையில் சைக்கிளே போகக் கூடாது என்கிறார்களே?

எல்லா நெடுஞ்சாலைக்கும் அப்படி இல்லை. முறையாக அறிவிப்பு வெளியிட்டு, பலகை வைத்த இடத்தில்தான் தடை. பெங்களூரு-மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர், சைக்கிள் எல்லாவற்றுக்கும் தடை. அங்கே சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும்.

அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் என் மகள் மீது பைக் மோதி கை முறிந்தது. மைனருக்கு இழப்பீடு உண்டா?

உண்டு. மகள் சார்பில் நீங்கள் மனு கொடுக்கலாம். தொகையைத் தீர்ப்பாயம் பொதுவாக வங்கியில் வைப்பு வைத்து, வயது வந்ததும் கொடுக்கச் சொல்லும். அடிபட்ட தேதியை உடனே ஒரு தாளில் எழுதி, ஆறு மாதம் எண்ணி, அந்தக் கடைசி நாளையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.